வீட்டுக்கு மின்சார இறைச்சி ஸ்லைசர்: குமரி, கேரள எல்லைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்து வீடுகளுக்கு ஸ்லைசர் வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டு வழியில்தான். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். இல்லையென்றால் ஆன்லைனில் படம் பார்த்து ஆர்டர் போடுவார்கள். எப்படி வந்தாலும் பேச்சு எல்லாம் வாட் எவ்வளவு, பிளேடு எத்தனை இஞ்ச் என்பதைச் சுற்றியே இருக்கும். இதை முழுசாகக் கழற்றிக் கழுவ முடியுமா, நம்ம ஊர்ச் சந்தையில் காலையில் வாங்குகிற எறச்சியை இது வெட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டே மாதத்தில் ஸ்லைசர் பரணுக்குப் போய்விடுவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். எனவே வாட் கணக்குக்கு முன்னால் இவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

ஸ்லைசருக்குத் தெரிந்தது ஒரே வேலை. எலும்பில்லாத, கெட்டியான ஒரு கட்டியை ஒரே தடிமனில் பாளம் பாளமாகச் சீவும். எலும்பு வெட்டாது, கொத்துக்கறி போடாது, சதுரத் துண்டும் போடாது.

நம் சமையலில் பாதிக்கு மேல் இதிலேயே அடிபட்டுப் போகும். ஆட்டுக்கறிக் குழம்புக்கு எலும்போடுதான் வேண்டும். அதற்குக் கடைக்காரரின் புளியமரக் கட்டையும் வெட்டுக்கத்தியும் போதும். தேங்காய்க்கொத்து போட்டு வறட்டி எடுக்கிற மாட்டெறச்சிக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் வேண்டும். ஸ்லைசரில் பாளமாகச் சீவி, மறுபடி கத்தியால் நறுக்குவது இரட்டை வேலை. மீனுக்கும் இது ஆகாது. சதை வழுக்கும், மணம் பிளேடு உறைக்குள் தங்கிவிடும்.

உண்மையில் பயன்படுகிற இடங்கள் இவை: உப்புக்கண்டம், மெல்லிசாகச் சீவிச் சட்டென்று வதக்குகிற மிளகு வறுவல், கிறிஸ்துமஸுக்குச் செய்கிற ரோஸ்ட், வீட்டிலேயே வேகவைத்த ஹாம், ஷவர்மாவுக்கும் சாண்ட்விச்சுக்குமான கோழி நெஞ்சுக்கறி. கூடவே பிரெட், சீஸ், முட்டைக்கோஸ்.

இதில் உப்புக்கண்டத்துக்குத்தான் ஸ்லைசரின் அருமை நன்றாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற பகுதி இது. வெயிலை நம்பிக் காய வைக்க முடியாது. கையால் வெட்டினால் ஒரு துண்டு 4 மி.மீ., அடுத்தது 9 மி.மீ. என்று வரும். மெல்லியது முறுகிப் போகும்போது தடித்தது நடுவில் ஈரமாகவே இருந்து கெட்டுப்போகும். எல்லாம் 5 மி.மீ. என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் காயும்.

ஏத்தங்காய் சிப்ஸுக்கு இதை வாங்கலாமா என்பது இந்தப் பக்கத்தில் தவறாமல் வருகிற கேள்வி. வாங்க வேண்டாம். ஏத்தங்காய் ஒல்லி; ஸ்லைசரில் கடைசி மூன்று விரல் அளவு வரும்போது தள்ளியின் (காயைப் பிடித்து பிளேடுப் பக்கம் தள்ளுகிற கைப்பிடிப் பாகம்) பிடியில் நிற்காமல் நழுவும், கை உள்ளே போகும். காயின் கறை பிளேடில் பிசினாக ஒட்டும். பச்சை மரச்சீனிக் கிழங்கோ இன்னும் கெட்டி. வீட்டு மாடலின் பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கு அது பெரும்பாரம். சிப்ஸுக்குச் சீவுகிற பலகையே போதும். அளவு பெரிதாக இருந்தால் அதற்கென்றே செய்யப்பட்ட சிப்ஸ் இயந்திரம் இருக்கிறது.

மாதம் இரண்டு கிலோவுக்குக் குறைவாக எலும்பில்லாத எறச்சி சீவுகிற வீடு என்றால், 25 செ.மீ. நீளமுள்ள நல்ல கத்தியும் கீழே சொல்லும் ஃப்ரீசர் முறையும் போதும். ஸ்லைசர் வாங்காதீர்கள்.

பிளேடின் அளவு

வீட்டு மாடல்களில் 17 செ.மீ. மற்றும் 19 செ.மீ. பிளேடுகள்தான் அதிகம். கடைகளுக்கானவை 22, 25, 30 செ.மீ. என்று போகும். எந்த பிளேடும் தன் முழு விட்டத்துக்கு வெட்டாது. நடுவில் இருக்கிற குமிழும் மேலே இருக்கிற உறையும் கணிசமான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியில் 'அதிகபட்ச வெட்டு உயரம்' எவ்வளவு, எறச்சியை வைத்துத் தள்ளுகிற டிரே எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று தேடுங்கள். இவை போடாத பெட்டியாக இருந்தால் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் ரோஸ்டை முழுசாக வைத்துச் சீவ 12 செ.மீ. உயரமாவது வேண்டும். உப்புக்கண்டத்துக்கு 8 செ.மீ. கிடைத்தாலே தாராளம்.

பெரிசு வாங்கினால் பிறகு உதவும் என்று 25 செ.மீ. மாடலுக்குத் தாவுகிறவர்கள் எடையை நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டு மாடல் மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும். அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். கடை மாடல் 15 கிலோவைத் தாண்டும். அதற்கென்று நிரந்தரமாக ஒரு மேடை ஒதுக்க முடியாத அடுக்களையில் அது இடைஞ்சல்தான்.

பல் வைத்ததா, வழுவழுப்பா?

பல் வைத்த பிளேடு பிரெட்டையும், தோல் கெட்டியாக வெந்த ரோஸ்டையும் நன்றாக அறுக்கும். பச்சை எறச்சியில் ஓரத்தைக் கொஞ்சம் பிய்க்கும், தூள் நிறைய விழும். வழுவழுப்பான பிளேடு பச்சை எறச்சியையும் ஹாமையும் கண்ணாடி மாதிரி சீவும். மழுங்கினால் சாணை பிடிக்கவும் முடியும். பல் வைத்ததை வீட்டில் சாணை பிடிக்க முடியாது. மழுங்கியதும் மாற்ற வேண்டியதுதான்.

பெரும்பாலும் பச்சை எறச்சிக்குத்தான் என்றால் வழுவழுப்பான பிளேடு உள்ள மாடலைக் கேளுங்கள். இரண்டு பிளேடும் சேர்த்துத் தருகிற மாடல்களும் உண்டு. எதை வாங்கினாலும், மாற்று பிளேடு தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பிளேடு கிடைக்காத மாடலின் ஆயுள் அதன் முதல் பிளேடின் ஆயுள்தான்.

பிளேடு எவர்சில்வராக இருக்கட்டும். குரோமியம் பூசிய கார்பன் எஃகு கடை மாடல்களில் வரும், கூர் நன்றாக நிற்கும். ஆனால் கடற்காற்று அடிக்கிற கொல்லங்கோடு, குளச்சல் பக்கத்து வீடுகளில் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் போதும், துரு அங்கேயே தொடங்கிவிடும்.

பிளேடு எப்படிக் கழல்கிறது என்பதுதான் முதல் தகுதி

கடையில் பிளேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கருவி எதுவும் இல்லாமல், கையால் ஒரு குமிழைத் திருகியதும் பிளேடு வெளியே வர வேண்டும். ஸ்குரூடிரைவர் தேடுகிற மாடலை வீட்டில் யாரும் தினமும் கழற்ற மாட்டார்கள். கழற்றாமல் துடைத்து வைத்தால் பிளேடுக்குப் பின்னால் எறச்சித் தூளும் கொழுப்பும் சேரும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நம் அடுக்களையில் மறுநாளே நாற்றம் வரும், எறும்பு வரிசை கட்டும்.

கழற்றிய பிறகு உள்ளே பாருங்கள். ஸ்குரூத் தலைகள், இடுக்குகள், ரப்பர் ஓரங்கள் எத்தனை இருக்கின்றன? விரலில் சுற்றிய துணி எல்லா மூலைக்கும் போகிறதா? போகாத மூலை ஒன்று இருந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுங்கள். மற்ற குறைகளைச் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது.

மோட்டாரும் தகட்டில் இருக்கிற சின்ன எழுத்தும்

வீட்டு ஸ்லைசர்கள் பெரும்பாலும் 100 முதல் 200 வாட்டுக்குள் இருக்கும். பதமாகக் குளிர்ந்த எறச்சிக்கு 150 வாட் போதும். வாட்டை விட முக்கியமான விவரம் அடியில் ஒட்டியிருக்கிற தகட்டில் இருக்கும்: 'கே.பி. (KB) 5 நிமிடம்', 'கே.பி. 10 நிமிடம்' என்பது போல. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது அது. ஐந்து நிமிடம் என்று போட்டதை இருபது நிமிடம் ஓட்டினால் மோட்டார் சுருளின் பூச்சு கருகும், பல்சக்கரம் இளகும். ஓய்வு எவ்வளவு தர வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் மோட்டார் பக்கம் கைவைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள்.

இரண்டு கிலோ கட்டியைச் சீவ ஏழெட்டு நிமிடம் போகும். பெருநாளுக்கு ஐந்து கிலோ உப்புக்கண்டம் போடுகிற வீடு 5 நிமிட மாடலை வாங்கினால் நடுவில் பலமுறை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்குள் எறச்சி இளகி ஃப்ரீசருக்குத் திரும்பும். அப்படிப்பட்ட வீட்டுக்கும், உப்புக்கண்டம் போட்டு விற்கிறவர்களுக்கும், பெல்ட்டில் ஓடுகிற சிறிய 22 செ.மீ. கடை மாடலே சரி. விலை சில மடங்கு கூடுதல்தான், ஆனால் அது நீண்ட நேர ஓட்டத்துக்காகவே செய்யப்பட்டது. வீட்டு மாடலில் பிளேடைச் சுழற்றுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பல்சக்கரம். பாரம் மிஞ்சினால் மோட்டாருக்கு முன்னால் அதுதான் பல் உடையும்.

வளைகுடாப் பெட்டியிலிருந்து வருவது

துபாய், தோஹா, மஸ்கட், குவைத்தில் வாங்கியது என்றால் மின்சாரத்தில் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மாற்ற வேண்டியது பிளக் மட்டும். அங்கே வருவது மூன்று சதுரக் காலும் உள்ளே ஃபியூஸும் உள்ள பிரிட்டிஷ் பிளக். மலிவான மல்டி அடாப்டரில் சொருகி ஓட்டாதீர்கள். அவற்றில் பல எர்த்தை இணைப்பதே இல்லை. எலெக்ட்ரீசியனிடம் கொடுத்து நம்ம மூன்று முள் பிளக்கை எர்த் வயரோடு மாட்டி வாங்குங்கள்.

சவுதி வேறு. அங்கே 60 ஹெர்ட்ஸ்; பழைய கட்டடங்களில் 127 வோல்ட் லைனும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தகட்டில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம்ம பிளக்கில் சொருகிய கணமே மோட்டார் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும். தகட்டில் '220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று சேர்ந்து இருந்தால் நிம்மதியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தில் வரும்போது பிளேடு செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

உடம்பு அலுமினியம் என்றால் எர்த் கட்டாயம். ஈரக்கையோடு, பலநேரம் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிற அடுக்களை நம்முடையது. மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால் நல்லது.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் ஓட்டல், பேக்கரிச் சாமான் விற்கிற கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பிளக்கில் சொருகாமல் இவற்றைப் பாருங்கள்:

1. தடிமன் டயலை பூஜ்யத்தில் வையுங்கள். தடிமன் தகடு (டயலைத் திருப்பினால் நகர்ந்து பாளத்தின் தடிமனை முடிவு செய்கிற தகடு) பிளேடின் முனையை முழுசாக மறைக்க வேண்டும். மேலும் கீழும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். மேலே குறுகி, கீழே அகன்று இருந்தால் ஒவ்வொரு பாளமும் ஆப்பு வடிவத்தில்தான் வரும்.
2. அந்தத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் 2 மி.மீ. என்று வைத்தது 3 மி.மீ. ஆக வரும். மலிவு மாடல்களின் பொதுவான நோய் இது. பிளாஸ்டிக் தகடு என்றால் இன்னும் கவனம்.
3. டிரேயை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பக்கவாட்டில் ஆடக்கூடாது, நடுவில் இடறக்கூடாது.
4. தள்ளியில் கூரான முள் வரிசை இருக்கிறதா? முள் இல்லாத தள்ளி வழுக்கும்.
5. ஸ்விட்ச் எப்படிப்பட்டது? அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடுகிற வகையோ, பூட்டுப் பித்தானோடு வருகிற வகையோ குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நல்லது. தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும் வகையில், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பிளேடு தானாகச் சுழலத் தொடங்கும். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.
6. அடியில் உறிஞ்சு கால்கள் மேடையைப் பிடிக்கின்றனவா?

கடைக்காரர் அனுமதித்தால் ஒரு பெரிய உருளைக்கிழங்கை 2 மி.மீ. வைத்துச் சீவிப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பாளம் முழுவதும் ஒரே மாதிரி ஒளி ஊடுருவ வேண்டும். டயலில் போட்டிருக்கிற எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல மாடல்களில் அது வெறும் வரிசை எண்தான், மில்லிமீட்டர் இல்லை.

சர்வீஸ் விஷயத்தில் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. குமரி மாவட்டத்துப் பின்கோடு 629-இல் தொடங்கும். கம்பெனியின் கணினி அதைத் தமிழ்நாடு என்று பார்த்து மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடும். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் 40 கிலோமீட்டர் சுமார்தான். வாங்கும் முன் கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டு, திருவனந்தபுரம் சர்வீஸ் சென்டரில் தமிழ்நாட்டுப் பில்லை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள்; அலுமினிய உடம்பு வழியில் அடிபட்டு நெளிந்து வருவது உண்டு.

எறச்சியைப் பதப்படுத்துவது: பாதி வேலை இங்கேதான்

வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் எறச்சி ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கிறது என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. நம் சந்தையில் விடியற்காலையில் அறுத்து, சூடு ஆறும் முன்னே தொங்கவிட்டு விற்கிறார்கள். அந்தச் சதை தளதளவென்று இருக்கும். அதை அப்படியே ஸ்லைசரில் வைத்தால் பிளேடு வெட்டாது, இழுக்கும். சதை நசுங்கி, நார் பிளேடில் சுற்றி, டிரே முழுக்கக் கூழாகும். 'மிஷின் சரியில்லை' என்ற புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

கடையிலேயே தொடங்க வேண்டும். கேட்காவிட்டால் கடைக்காரர் பழக்கத்தில் கொத்திவிடுவார். "அண்ணே, துண்டு போடாண்டாம், தொடைக்கறி முழுசாத் தாருங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே தசையாக, நடுவில் கொழுப்பு வரி அதிகம் இல்லாததாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்:

1. ஃப்ரிட்ஜில், 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஒரு இரவு வையுங்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். பிறகு மெல்ல இளகும். அந்த விறைப்பில் சீவினால் பாளம் சுருண்டு கடினமாக இருக்கும்.
2. மறுநாள் வெள்ளைச் சவ்வையும் தடித்த கொழுப்பையும் கத்தியால் நீக்குங்கள். சவ்வை எந்த வீட்டு ஸ்லைசரும் சுத்தமாக வெட்டாது. பிளேடில் சுற்றிக்கொண்டு அடுத்த நான்கு பாளத்தையும் கிழிக்கும்.
3. 12 செ.மீ. நீளம், 8 முதல் 9 செ.மீ. அகலமுள்ள கட்டிகளாக வெட்டுங்கள். ஒரு கட்டி முக்கால் கிலோ சுமார் வரும்.
4. நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, ஒரு மூலையை நாருக்குக் குறுக்கே சின்னதாக வெட்டி அடையாளம் வையுங்கள். ஃப்ரீசரில் இறுகியபின் நார் கண்ணுக்குத் தெரியாது.
5. கிளிங் ஃபிலிமில் (ஒட்டிக்கொள்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்குங்கள். இந்த இறுக்கத்தில்தான் கட்டிக்கு நல்ல வடிவம் கிடைக்கும்.
6. ஃப்ரீசரில் 60 முதல் 90 நிமிடம். அரைக்கிலோ கட்டிக்கு 45 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

பதம் இப்படி இருக்க வேண்டும்: வெளியே விறைப்பாக இருக்கும், பெருவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழும், கத்தி நுனி நடுவரை தயங்கித் தயங்கி இறங்கும். கல்லாகிவிட்டால் ஸ்லைசரில் வைக்காதீர்கள். பல்சக்கரம் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பதத்துக்குத் திரும்பும். வெளியே வைத்து இளக்க வேண்டாம். உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் கெட்டுப்போகிற வெப்பத்துக்கு வந்துவிடும்.

ரோஸ்டுக்கும் ஹாமுக்கும் ஃப்ரீசர் தேவையில்லை. வெந்ததும் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் ஓர் இரவு முழுக்க வைத்தாலே பாளமாக வரும். சூட்டோடு சீவினால் உதிரும்.

சீவும்போது

இயந்திரத்தை முதன்முதலில் எடுத்ததும் பிளேடையும் டிரேயையும் சோப்பில் கழுவி உலர்த்துங்கள். தொழிற்சாலை எண்ணெய் அதில் இருக்கும். பிறகு ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டிவிட்டு, பழைய பிரெட் ஒன்றைச் சீவிக் கைப்பழக்கம் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியை டிரேயில் வைக்கும்போது அடையாளம் வைத்த பக்கம் பிளேடைப் பார்த்து இருக்கட்டும். அப்போதுதான் நாருக்குக் குறுக்கே வெட்டு விழும், வாயில் வைத்தால் மெதுவாக இருக்கும். உப்புக்கண்டத்தை மென்று தின்கிற மாதிரி வேண்டுமென்றால் நாரோடு சீவலாம். அது ருசியைப் பொறுத்தது.

பிளேடு முழு வேகம் பிடித்த பின்புதான் எறச்சியைத் தொடவிட வேண்டும். தள்ளியால் லேசாக அழுத்தி, டிரேயைச் சீராக முன்னே கொண்டுபோய்ப் பின்னே கொண்டுவாருங்கள். அவசரம் வேண்டாம், வெட்டுவது பிளேடின் வேலை, நகர்த்துவது மட்டுமே உங்கள் வேலை. ஐந்தாறு பாளத்துக்கு ஒருமுறை அடியில் விழுந்ததை எடுத்துவிடுங்கள், ஸ்விட்சை அணைத்துவிட்டு. கடைசி இரண்டு சென்டிமீட்டர் ஸ்லைசருக்கு இல்லை. அதைக் கத்தியால் நறுக்கிக் குழம்பில் போடுங்கள்.

தடிமன் சுமாராக இப்படி: ஷவர்மாவுக்கும் சாண்ட்விச்சுக்கும் ஒன்றரை முதல் 2 மி.மீ., மிளகு வறுவலுக்கு 3 மி.மீ., உப்புக்கண்டத்துக்கு 5 முதல் 6, பிரெட்டுக்கு 10 முதல் 12. மின்சார ஓவனிலோ உணவு உலர்த்துகிற டிரையரிலோ மாட்டெறச்சி உலர்த்துகிறவர்கள் ஒன்றை விடக்கூடாது: எறச்சியின் உட்புற வெப்பம் 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், கோழிக்கு 74. அமெரிக்க வேளாண் துறை சொல்கிற அளவு இது. வெறும் இளஞ்சூட்டில் காய்ந்தது வெளியே உலர்ந்து தெரியும், கிருமி உள்ளே உயிரோடு இருக்கும்.

சீவும்போது துணிக் கையுறை போடாதீர்கள். பல் வைத்த பிளேடு அதன் நூலைப் பிடித்துக் கையோடு இழுக்கும். வெட்டுப்படாத கையுறை கழுவும்போது போடுவதற்கு. ஓடுகிற பிளேடை அதுவும் தாங்காது.

எங்கே தப்பு நடக்கிறது

பாளம் கிழிந்து வந்தால் எறச்சி இளகிவிட்டது. மறுபடி 20 நிமிடம் ஃப்ரீசர். ஒரு பக்கம் தடித்து ஆப்பு மாதிரி வந்தால் கட்டியின் அடி சமமாக இல்லை, அல்லது தடிமன் தகட்டின் திருகு தளர்ந்திருக்கிறது. சீவச் சீவத் தடிமன் கூடிக்கொண்டே போனால் அதிர்வில் டயல் நகர்கிறது. பதமான எறச்சியிலும் அடி ஓரம் பிசிறாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

மோட்டார் சத்தம் இறங்கி முனகினால் உடனே கையை எடுங்கள். கட்டி அதிகமாக உறைந்திருக்கலாம், நீங்கள் அதிகமாக அழுத்தலாம், சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். 180 வோல்ட்டில் திணறுகிற மோட்டார் வேலையும் செய்யாது, சூடும் ஏறும். பழைய சதுர அலை இன்வர்ட்டரில் இதை ஓட்டவே வேண்டாம்.

எறச்சியில் கறுப்பாக இழுகினால் இரண்டு காரணம். அலுமினிய டிரே கருத்துவிட்டது, அல்லது பல்சக்கரத்துக் கிரீஸ் கசிகிறது. டிரே என்றால் வெள்ளைத்துணியால் தேய்த்தாலே துணியில் தெரியும். கிரீஸ் என்றால் பிளேடின் நடுக்குமிழைச் சுற்றி வளையமாக இருக்கும். அதைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்வரை பயன்படுத்த வேண்டாம்.

கழுவுவது

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கடைகளில் எறச்சி சீவுகிற இயந்திரங்களின் இடுக்கு அதற்குப் பிடித்த இடம். அதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. வெளியிடுகிற உணவு விதித்தொகுப்பில், தொடர்ந்து ஓடுகிற ஸ்லைசரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு முறையும், சீவி முடித்த உடனே.

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பிளக்கை உங்கள் கண் முன்னே வையுங்கள். டயலை பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். பிளேடின் கூர் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தள்ளி, டிரே, பிறகு பிளேடு என்ற வரிசையில் கழற்றுங்கள். சில மாடல்களில் பிளேடுக் குமிழ் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகும். வரவில்லையென்று பலத்தைக் காட்டும் முன் கையேட்டைப் பாருங்கள்.

முதலில் பச்சைத் தண்ணீர். சுடுநீரை முதலில் ஊற்றினால் ரத்தமும் புரதமும் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீரும் சோப்பும். பிளேடை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், விளிம்பு வழியாகச் சுற்றித் துடைக்காதீர்கள். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சோப்பு நுரைக்குள் பிளேடைப் போட்டு வைப்பது அடுக்களையில் கைவெட்டுக்கு நிச்சயமான வழி. அடுத்து வருகிறவர் தெரியாமல் கையை விடுவார். மோட்டார் உடம்பைத் தண்ணீரில் முக்கக்கூடாது, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மணமில்லாத பிளீச் கலந்து துடைத்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, அலுமினியப் பாகங்களை மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பிளீச் அலுமினியத்தை அரிக்கும். அலுமினிய டிரேயை டிஷ்வாஷரில் போட்டால் ஒரே தடவையில் கறுத்துவிடும். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, காற்றாட அரைமணி நேரம் உலர விட்டுப் பிறகு மாட்டுங்கள்.

டிரே ஓடுகிற கம்பிக்கு மாதம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் காறலெடுத்துப் பிசுக்காகும். அதற்குப் பிறகு டிரே இடறும், இடறுகிற இடத்தில் பாளம் தடிக்கும். உணவுத் தர மினரல் ஆயில் சின்ன புட்டியாகக் கிடைக்கும். தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம், அது எறச்சி படுகிற இடத்துக்கு ஆகாது.

வழுவழுப்பான பிளேடை அந்த மாடலுக்கென்று வருகிற சாணைக்கல்லில் மட்டும் பிடிக்கவும். கூர் ஒரு பக்கம் மட்டும் சரிந்திருக்கும். தெருவில் வருகிற சாணைக்காரர் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டால் பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். கழற்றிய பிளேடைத் தனியாகச் சேமிப்பதென்றால், வந்த அட்டை உறையிலேயே போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத தட்டில். மழைக்காலத்தில் அட்டை ஈரம் உறிஞ்சும். அப்போது மட்டும் மினரல் ஆயில் தொட்டுத் துடைத்து, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள்.